எட்டே எட்டு எழுத்து

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் கீழே சமையலறையிலேயே தெரிய வேண்டும். அவலூர்பேட்டை வீட்டில் அம்மாவுக்காக நான் ஆரம்பித்த வேலை இது. ஒரு ஆர்டுயினோ, தொட்டிக்குள் ஒரு சென்சார், சுவரில் வரிக்கு 16 எழுத்து காட்டும் இரண்டு வரி எல்சிடி. அவ்வளவுதான்.

எல்சிடிக்கு 16 கால்கள். ஒன்று கிரவுண்ட், இரண்டு 5 வோல்ட். மூன்றாவது காண்ட்ராஸ்ட். அதில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரைப் போட்டுத் திருகிச் சரிசெய்யாவிட்டால் எழுத்து வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் அரை மணி நேரம் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு இந்தத் திருகில். டேட்டாவுக்கு எட்டுக் கால் உண்டு. ஆனால் கடைசி நாலு போதும், ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் இரண்டு பாதியாக அனுப்பிவிடலாம்.

ஒருவழியாக ஆங்கிலத்தில் 'டேங்க் எம்ப்டி' என்று ஒளிர்ந்தது. அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "எனக்குத் தமிழ்தானே படிக்க வரும்? இதை யாருக்குடா மாட்டுன?"

பதில் இல்லை. இந்தத் திரையை ஓட்டும் சிப்பின் வம்சம் ஹிட்டாச்சியின் எச்டி44780-இல் தொடங்குகிறது. 1980களின் ஜப்பானியச் சரக்கு. இன்று கடையில் கிடைக்கும் நகல்களும் அதே கட்டளைகளைத்தான் கேட்கின்றன. அதன் நினைவகத்தில் ஆங்கில எழுத்துகளோடு ஜப்பானின் கதகானா எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். பின்சாய்வுக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் யென் குறி இருக்கும். செய்தவர்கள் தங்கள் ஊர் எழுத்தைப் போட்டுக்கொண்டார்கள், அதில் குற்றம் இல்லை. மற்றவர்களுக்கு எட்டு இடம் காலி. ஒவ்வொன்றும் அகலத்தில் 5, உயரத்தில் 8 புள்ளி. 247 எழுத்துள்ள மொழிக்கு எட்டே எட்டு.

இயந்திரத்தோடு தமிழ் மல்லுக்கட்டுவது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுக்கு வழி கண்டபோது நகராத விசைகளைப் பயன்படுத்தினார். புள்ளியை அடித்தால் தாள் நகராது. அதே இடத்தில் எழுத்தை அடித்தால் மெய்யெழுத்து தயார். ஒரே புள்ளி எல்லா எழுத்துக்கும் உதவியது. எல்சிடியில் அது முடியாது. ஒரு கட்டத்தின் மேல் இன்னொன்றை அடிக்க வழியில்லை, 'ல்' தனி, 'ல' தனி. இந்த விஷயத்தில் சிப்பைவிடப் பழைய தட்டச்சுதான் கெட்டிக்காரத்தனமானது.

இன்னொரு பக்கம் எழுத்தையே மாற்றினார்கள். பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் தொடங்கிய சீர்திருத்தத்தை, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய கொக்கிகளும் கொம்புகளும் போய், மற்ற எழுத்துகளுக்கு உள்ள அதே துணைக்காலும் ஐகாரக் குறியும் வந்தன. அச்சுக் கோப்பவருக்கு வேலை குறைந்தது.

இப்போது என் கணக்கு. 'தண்ணீர் இல்லை': த, ண், ணீ, ர், இ, ல், ஐகாரக் குறி, ல. சரியாக எட்டு! பழைய லை ஒரே வடிவம் என்பதால் அதில் ஏழே போதும், சீர்திருத்தம் எனக்கு மட்டும் ஒரு கட்டம் நஷ்டம். துள்ளிக் குதித்துப் புள்ளி வைக்க உட்கார்ந்தால், ஐந்து புள்ளி அகலத்தில் ண-வின் சுழிகள் அடங்கவில்லை. எப்படிப் போட்டாலும் 'தன்னீர்' என்றே தெரிந்தது.

கடைசியில் 'நீர் இல்லை' என்று வைத்தேன். ஆறு கட்டம்தான், ண-வும் இல்லை.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "நீர் இல்லைன்னா? யாரைடா சொல்ற?"

வீட்டில் யாரும் நீர் என்று சொல்வதில்லை, தண்ணிதான். அந்தச் சிப் எழுத்தை மட்டும் சுருக்கவில்லை, எங்கள் வீட்டுச் சொல்லையும் மாற்றிவிட்டது. எந்த எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரையக்கூடிய கிராஃபிக் திரைகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். அதுவரை, 'நீர் இல்லை' என்று வந்தால் அம்மா சிரித்துக்கொண்டே மோட்டாரைப் போடுகிறார்.