இனமும் புலமைப் பரிசிலும்

கல்வியிற் சிறந்த மாணவனுக்குப் பொருளுதவி செய்யுமிடத்து, அவன் எவ்வினத்தவன் என்று வினாவுதல் முறையா? உடனே விடையிறுக்க முனைவோர் அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநில வரலாற்றைச் சற்று நோக்குவாராக. இனம் பார்த்துப் பரிசில் வழங்குதல் ஆங்கு இருமுறை நிகழ்ந்தது. நோக்கமோ வேறு வேறு.

1935ஆம் ஆண்டில் மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. டொனால்ட் மறி என்னும் பட்டதாரி நிறங் காரணமாகவே மறுக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே மாநில அரசு கறுப்பின மாணவர்க்கெனப் பத்தாயிரம் டொலர் ஒதுக்கியது. ஆளுக்கு 200 டொலர். ஆயின், அதனைப் பெறுவோர் பிற மாநிலஞ் சென்றே கற்றல் வேண்டும்! ஐம்பதின்மருக்கே போதுமான அப்பரிசிலுக்கு விண்ணப்பத்தாள் கேட்டோர் 380 பேர். உதவி என்னும் பெயரால் வாயிற்கதவை அடைத்த இத்தந்திரத்தை என்னென்பது!

மறியின் பொருட்டுச் சாள்ஸ் ஹூஸ்டனும், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதியரசரான தேகுட் மார்ஷலும் வாதாடினர். அவரைச் சேர்க்குமாறு பிறந்த கட்டளையை 1936இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. 1938இல் மறி பட்டம் பெற்றார். அவ்வாண்டே, மாணவனை வெளிமாநிலத்துக்கு அனுப்பிக் கட்டணம் செலுத்துவது சமத்துவமாகாது என, மிசூரி மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

காலம் மாறிற்று. அதே பல்கலைக்கழகம் பழைய பிழைக்குக் கழுவாய் தேடுவதுபோல், தானாகவே வானியல் கற்ற கறுப்பினத்தவரான பெஞ்சமின் பன்னெக்கரின் பெயரால், கறுப்பின மாணவர்க்கு மட்டுமுரிய பரிசிலொன்றை நிறுவியது. தாய்வழியிற் கொஸ்தாரிக்காவைச் சேர்ந்த மாணவரொருவர் அது தமக்கு மறுக்கப்படவே வழக்குத் தொடுத்தார். பண்டைய ஒதுக்கலின் தீயவிளைவு இன்றும் நிலவுகின்றது என்பதற்குப் போதிய சான்றில்லை எனக் கூறி, 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்திட்டத்தைத் தள்ளியது. மறுவருடம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

இரு பரிசில்களும் ஒன்றே என்பாரும் உளர். நாம் அதற்கு இசையோம். முன்னது வெளியேற்றக் கொடுத்த கூலி. பின்னது உள்ளே அழைக்க நீட்டிய கை. எனினும், அவ்வழக்குத் தொடுத்த இளைஞன் யாரையும் ஒதுக்கியவனல்லன் என்பதையும் நாம் மறக்கவொண்ணாது. இனத்தின் பெயரை மட்டும் கேளாது, அவ்வினத்தில் பிறந்தமையால் இம்மாணவன் எதனை இழந்தான் என்று கேட்டிருப்பின், வழக்கு வேறாக முடிந்திருக்கலாம் என்றே எண்ணுகின்றோம்.

பின்னர் அப்பரிசில், பிரான்சிஸ் ஸ்கொட் கீயின் பெயரால் வழங்கிய மற்றொன்றுடன் இணைக்கப்பட்டு, எல்லா இனத்தவர்க்கும் உரியதாயிற்று. கீ என்பவர் அமெரிக்கத் தேசிய கீதத்தை யாத்தவர். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவருமாவர்.