இந்தியக் கடவுச்சீட்டைப் பேணுதல்

இந்தியக் கடவுச்சீட்டு (பாஸ்போர்ட்) ஒருவர் பெயரில் வழங்கப்பட்டாலும் அவருடைய உடைமை ஆகிவிடுவதில்லை. அது எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பெற்றவருக்கு உள்ளது அதைக் காக்கும் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு என்ன என்பது புத்தகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் குறைவு. உரியவரிடமோ, அவர் அதிகாரம் அளித்தவரிடமோதான் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். எதையும் திருத்தவோ சிதைக்கவோ கூடாது. எந்த நாட்டிலிருந்தும் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. போய்வந்த பயணத்தை வீட்டாரிடம் மறைப்பதற்காகப் பக்கங்களைக் கிழித்தவர்கள் விமான நிலையத்தில் கைதானதுண்டு. தன் கடவுச்சீட்டைத் தெரிந்தே இன்னொருவர் பயன்படுத்த விடுவதும் 12ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

ஈரத்தையும் கறையானையும் விடப் பெரிய ஆபத்து, அது பிறர் கைக்குப் போவது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரிடம், போய் இறங்கியதுமே முதலாளியோ ஏஜெண்டோ “பத்திரமாக வைத்திருக்கிறோம்” என்று வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. சம்பளம் நிலுவையில் நின்றாலும், ஊரில் சாவு விழுந்தாலும், அந்தத் தொழிலாளி கிளம்ப முடியாது. இது அந்த நாடுகளிலேயே சட்டவிரோதம்: கத்தாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 25,000 ரியால் வரை அபராதம் விதிக்கிறது. இந்தியாவில் காவல்துறைக்கே இதில் எல்லை உண்டு. விசாரணைக்காக அதைக் கைப்பற்றலாம். முடக்கி வைக்கும் அதிகாரம் கடவுச்சீட்டு அதிகாரிக்கே உரியது என்று 2008இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, தனியார் ஒருவர் அதைப் பூட்டி வைப்பதில் நியாயமே இல்லை. வேலைக்குப் போகிறவர் நகல்களை ஊரில் ஒருவரிடமும் தன் கைபேசியிலும் வைத்துக்கொள்வது அவசியம்.

தொலைந்தால் உடனே காவல் நிலையத்திலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும், வெளிநாட்டில் என்றால் உள்ளூர்க் காவல்துறையிலும் இந்தியத் தூதரகத்திலும் தெரிவிக்க வேண்டும். ஊர் திரும்ப மட்டும் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அதை வைத்து வேறு நாட்டுக்குப் போக முடியாது. தொலைந்ததாகப் பதிந்த பின் அலமாரியில் கிடைத்துவிட்டாலும் பழைய புத்தகத்தோடு விமானம் ஏறக் கூடாது. தொலைந்த, திருடப்பட்ட பயண ஆவணங்களுக்கென 2002 முதல் இன்டர்போல் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் அந்த எண் இருந்தால், எந்த நாட்டுக் குடிவரவு முகப்பிலும் அவர் நிறுத்தப்படலாம். கிடைத்த புத்தகத்தை அலுவலகத்தில் ஒப்படைப்பதே சரி.

சேதமடைந்ததில் எண்ணும் பெயரும் படிக்கத் தெரிந்து, படம் கெடாமல் இருந்தால் தட்கல் எனும் விரைவு முறையில்கூட மாற்றிக்கொள்ளலாம். அடையாளமே தெரியாதபடி சிதைந்திருந்தால் தட்கல் கிடையாது. இப்போது வழங்கப்படும் மின்-கடவுச்சீட்டில் சில்லும் ஆண்டெனாவும் பதிந்திருப்பதால் மடிப்பதும், துளையிடுவதும், ஸ்டேப்ளர் அடிப்பதும் அறவே கூடாது.

புதியது வாங்கும்போது ரத்து முத்திரையிட்டுத் திருப்பித் தரப்படும் பழைய புத்தகத்தைத் தூக்கி எறியக் கூடாது. அதிலுள்ள விசா இன்னும் செல்லுபடியானால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துக் காட்டிப் பயணம் செய்யலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் மட்டும் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து, அதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.