பேச்சுத்துணை இல்லாத மொழி

2010 ஜனவரி 26 அன்று அந்தமானில் போவா என்ற மூதாட்டி காலமானார். வயது சுமார் 85. கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான 'போ' தெரிந்த கடைசி ஆள் அவர்தான். பெற்றோர் போனபின் அந்த மொழியில் அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. சுற்றியிருந்தவர்களோடு இந்தியிலும், கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடியினர் தமக்குள் பேசிய கலப்பு மொழியிலும் காலம் தள்ளினார். பறவைகளிடம் மட்டும் போ மொழியில் பேசுவார்; அவற்றுக்குப் புரியும் என்று நம்பினார் என மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவுசெய்திருக்கிறார்.

இதை முதுமையின் தனிமை என்று ஒதுக்கிவிட முடியாது. இது அந்தப் பழங்குடி மக்கள்மேல் சுமத்தப்பட்ட தனிமை.

1857 எழுச்சியில் பிடிபட்டவர்களை அடைக்க, மறு ஆண்டே ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிக் குடியிருப்பு அமைத்தார்கள். காடு அழிந்தது. 1859இல் அபர்தீன் சண்டையில் அந்தமானியர் வில்லும் அம்புமாகத் துப்பாக்கிகளை எதிர்த்துத் தோற்றார்கள். பிறகு வந்தவை 'அந்தமான் இல்லங்கள்'. 1863இல் ராஸ் தீவில் தொடங்கி, பழங்குடிகளைக் கொண்டுவந்து வைத்துப் 'பழக்கினார்கள்'. அந்த இல்லங்களில் பிறந்த ஏறத்தாழ 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை. சிபிலிஸ் பரவியது, 1877இல் தட்டம்மை வாரிக்கொண்டு போனது. பத்து இனக்குழுக்களாக ஆயிரக்கணக்கில் வாழ்ந்த கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர்.

தாலாட்டு கேட்கப் பிள்ளையே மிஞ்சாத இடத்தில் எந்த மொழி பிழைக்கும்?

இல்லங்களைக் கவனித்த அதிகாரிகளான ஈ. எச். மேனும் எம். வி. போர்ட்மனும்தான் அம்மொழிகளைப் பற்றி நூல்களும் எழுதினார்கள். தெற்கு அந்தமானின் பேயா மொழியில் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் அவர்கள் குறித்துவைத்தது.

இழந்தது சிறிய பொருளல்ல. கிரேட் அந்தமானிய இலக்கணம் மனித உடம்பை அச்சாக வைத்துச் சுழன்றது என்கிறார் அப்பி. உடம்பை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு. பெயரும் வினையும் பண்புச்சொல்லும் இவற்றை ஏற்கும். தலையில் வழியும் ரத்தத்துக்கு ஒரு வடிவம், விரலில் கசிவதற்கு வேறு, உள்ளுக்குள் கசிவதற்கு இன்னொன்று. 'தலை' என்று மொட்டையாகச் சொல்ல முடியாது. யாருடைய தலை என்பதும் சேர்ந்தே வரவேண்டும். உடம்பிலிருந்தே உலகைப் பார்க்கும் இப்படியொரு இலக்கணம் உருவாக எத்தனை தலைமுறைகள் பேசியிருக்க வேண்டும்!

எஞ்சியவர்களை 1970 வாக்கில் அரசு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. பல மொழிக்காரர்கள் ஒன்றானதில் கலப்பு மொழி மட்டும் கொஞ்சநாள் தாக்குப்பிடித்தது. அங்கிருந்த முதியவர்களோடு உட்கார்ந்து தொகுத்த அகராதியை 2012இல் அப்பி வெளியிட்டார். அதே குடும்பத்துச் சாரே மொழியின் கடைசிப் பேச்சாளரான லிச்சோ 2020 ஏப்ரலில் மறைந்தார். இன்று கிரேட் அந்தமானியர் ஐம்பது பேர் அளவில் இருக்கிறார்கள்; அவர்கள் பிள்ளைகளின் வீட்டுமொழி இந்தி.