பந்தியைப் பிரித்த சுவர்

அன்னத்தை விலைக்கு விற்பது பாவம் என்ற நம்பிக்கை ஆழ வேரூன்றியிருந்த நம் நாட்டில், வழிப்போக்கனுக்குச் சோறிடும் பொறுப்பை அரசர்களும் தனவந்தர்களும் கட்டிய சத்திரங்களே நெடுங்காலம் சுமந்துவந்தன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை எல்லா யாத்திரிகருக்கும் அன்னமிடப்படுவதாக 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்குப் பெருமிதத்தோடு எழுதினார். அந்தப் பெருமிதம் நியாயமானதுதான். ஆனால் எல்லோருக்கும் இடுவது வேறு, எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து இடுவது வேறு. முன்னதைச் செய்த தர்மவான்கள் பலர், பின்னதை மனத்தாலும் நினைத்ததில்லை.

1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்ட பிறகு, ஊர்விட்டு ஊர் வந்த குமாஸ்தாக்களும் வக்கீல்களும் மாணவர்களும் சத்திரத்தின் தயவை எதிர்பார்க்க முடியாதவர்களாயினர். அவர்களுக்காகவே காபி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் தோன்றின. அன்ன விக்கிரயத்தின் பாவத்தை வியாபாரம் இவ்வாறு வென்றுவிட்டது. காசு கொடுத்தவனுக்குச் சோறு என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லாத ஓர் இடம், நம் சரித்திரத்தில் முதன்முறையாகப் பிறந்திருக்கலாம். பிறக்கவில்லை. சமையற்காரரின் ஜாதி தெரிந்தாலன்றி இலையில் கைவைக்காத வாடிக்கைக்காரரை இழக்க முதலாளி துணியாததால், வீட்டின் ஆசாரம் கடைவீதிக்கும் கூடவே வந்தது. வாசலில் ‘பிராமணாள்’ என்ற பலகையும், உள்ளே ‘பிராமணாள்’, ‘இதராள்’ என இரண்டு கூடங்களும் அமைந்தன. தீண்டப்படாதோர் எனத் தள்ளப்பட்டவருக்கோ அந்த இரண்டில் ஒன்றிலும் இடமில்லை.

ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர்களும், ஒரே கச்சேரியில் ஒரே மேஜையில் கோப்புகளைப் பார்த்தவர்களும், யாருக்கோ உத்தியோகம் உயர்ந்த சந்தோஷத்தில் கூட்டமாக ஓட்டலுக்குப் போனால், வாசல்வரை வளர்ந்த பேச்சு அங்கே அறுந்துவிடும். சிலர் ஒரு கூடத்துக்கும் சிலர் மறு கூடத்துக்கும் பிரிவர். ஆதிதிராவிட நண்பர் உடனிருந்தால் அவர் தெருவிலேயே நிற்க வேண்டும். ஒரே அண்டாவில் வெந்த சோறு, ஒரே சாம்பார், ஒரே விலை. உண்பவர்களுக்கு நடுவே மட்டும் ஒரு சுவர். விருந்துக்கென்று கிளம்பியவர் ஏமாற்றத்தோடு திரும்பும் இத்தகைய அவமானத்தைப் பெரும்பாலோர் இயல்பு என்று ஏற்றுக்கொண்டிருந்ததுதான் அந்தக் காலத்தின் பெரிய துயரம்.

ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர் வ. வே. சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் தேசபக்தியை வளர்க்கும் நோக்கத்தோடு குருகுலம் தொடங்கினார். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர இசைந்து, பாதியைக் கொடுத்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட செய்தி வெளியானபோது, பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்திபேதம் கூடாது என்று காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் போராடினர். ஐயரின் தியாகத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. எனினும், இரண்டு இலைகளைத் தனியே போடுவதற்காக ஒரு மகத்தான முயற்சி சிதைந்தது என்பதைச் சரித்திரம் மறைக்க முடியாது. 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து ஐயர் உயிர்துறந்தார். அதே ஆண்டு நவம்பரில் ராமசாமி காங்கிரஸிலிருந்து வெளியேறினார்.

இதே வேற்றுமை ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளிலும் வெகுகாலம் நீடித்தது. எல்லா ஜாதியாரும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்துப் பிரயாணம் செய்துவிட்டு, இறங்கிய இடத்தில் தனித்தனியே சாப்பிடச் சென்றார்கள். இடைவிடாத கண்டனத்துக்குப் பின் 1941-இல் அந்தப் பிரிவினை நீங்கியது. 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆவது ஷரத்து, ஜாதியைக் காரணம் காட்டிப் பொது உணவகங்களில் யாரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் மீறியவருக்குத் தண்டனையும் வகுத்தது.

கூடங்கள் ஒன்றான பிறகும் பலகைகள் சில நின்றன. திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் முகப்பிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி, 1957-இல் திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்து கைதாயினர்; பல மாதங்களுக்குப் பிறகே அந்தச் சொல் அகன்றது. ஒரு சொல்லுக்கா இவ்வளவு என்று அன்று கேட்டவர்கள், அந்தச் சொல்லால் வாசலில் நிறுத்தப்பட்டவராக ஒரு நாளேனும் இருந்ததில்லை என்றே எண்ணுகிறேன். கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்கென்று தனிக் குவளை வைக்கும் வழக்கமோ அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் தொடர்ந்தது.

இந்தச் சரித்திரம் மறைந்துபோகாதிருக்க, ஓட்டல் தொழிலில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பத்தார் தங்கள் பழைய பெயர்ப் பலகைகளையும் கணக்குப் புத்தகங்களையும் புகைப்படங்களையும் வெட்கம் கருதி அழித்துவிட வேண்டாம். அந்தக் கூடங்களில் பரிமாறியவர்களும், வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் சொல்லக் கேட்டவற்றை அவர்களுடைய பிள்ளைகள் எழுதிவைக்க வேண்டும்.