பழைய இரும்பும் பதிவேடும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி பாண்டிருப்புக் கரையைக் கடல் விழுங்கிய பின்னர், பத்திரிகையாளர்களாகிய நாம் மனிதர்களையே எண்ணிக்கொண்டிருந்தோம். வாகனங்களை எண்ண எவருக்கும் மனமிருக்கவில்லை. சில வாரங்களில், நசுங்கிய முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் பழைய இரும்பாகி லொறி ஏறின. அவற்றின் இலக்கத் தகடுகள் எங்கே போயின என்று நானும் அன்று விசாரிக்கவில்லை.

ஒரு வாகனம் வீதிக்கு வரும்போது அதன் செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், உரிமையாளர் பெயர் என அனைத்தும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படுகின்றன. அது உடைக்கப்படும்போது பதிவை நீக்கவும் வழியுண்டு. நானறிந்தவரை அதை நாடுவோர் அரிது. ஆகவே வண்டி மறைந்தாலும் புத்தகம் உயிரோடிருக்கும். களவெடுத்த வண்டிக்கு அந்தப் புத்தகம் எவ்வளவு உதவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாகனம் உடைப்போருக்கு உரிமம் வேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் களவிலிருந்தே பிறந்தது. பழைய உலோக வியாபாரிகளைக் கண்காணிக்க 1861இலேயே அங்கு ஒரு சட்டம் இருந்தது. 1964இல் இன்னொன்று வந்தது. 2001ஆம் ஆண்டின் வாகனக் குற்றச் சட்டம், வாகனம் உடைத்து விற்போர் உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டுமென்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டமோ பழைய இரும்பைக் காசு கொடுத்து வாங்குவதையே தடைசெய்து, விற்பவர் யாரென உறுதிசெய்யும்படி பணித்தது.

இலங்கையில் உரிமம் வேறு வாசலால் நுழைந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உருவானது. 2008 ஜனவரியில் வெளியான வர்த்தமானி தொழில்களை மூன்று பட்டியல்களாக வகுத்து, சிறியவற்றை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. கழிவு எண்ணெயும் ஈய அமில பட்டறிகளும் அபாயக் கழிவுகளாகக் கணிக்கப்பட்டன. மண்ணும் கிணறும் கெடக்கூடாதென்ற நோக்கம் நல்லதே. கரையோர மணலில் சிந்திய எண்ணெய் கிணற்றுக்கு வர நெடுநாள் எடுக்காது. ஆனால் உடைபடும் வண்டி யாருடையது என்பது அந்தப் பத்திரத்தின் கேள்வியல்ல.

இந்தியா 2021 செப்டம்பரில் கொண்டுவந்த விதிகள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்தன. பதிவுபெற்ற உடைப்பு நிலையம் மாசுக்கட்டுப்பாட்டு நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். களவுபோன வண்டியா எனப் பார்க்கவும் வேண்டும். செசி இலக்கம் பொறித்த இரும்புத் துண்டை வெட்டிப் பாதுகாப்பதோடு, உடைத்ததற்குச் சான்றிதழும் கொடுக்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியின் ஒவ்வோர் உதிரிப்பாகமும் பொன்னானது. அந்நாட்களில் கல்முனை வீதியோரக் கொட்டிலொன்றின் முதலாளியிடம், உடைக்கும் வண்டிகளின் செசி இலக்கத்தை எழுதிவைக்கும் கொப்பி உண்டா என்று கேட்டேன். அவர் என்னை உள்ளே அழைத்துச் சென்று, எண்ணெய் மண்ணில் இறங்காதிருக்கப் போட்ட சீமெந்துத் தரையைப் பெருமையோடு காட்டினார்.