தீபக்குக்கு வராத பாராசூட்

1975-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் போரிஸ் பாப்போவ் ஓட்டிய ஹேங் கிளைடர் நடுவானில் சிதைந்தது. சுமார் 400 அடி உயரத்திலிருந்து ஏரியில் விழுந்தும் பிழைத்துக்கொண்டார். 1980-இல் அவர் தொடங்கிய பி.ஆர்.எஸ். நிறுவனம், ஆளுக்குப் பதில் விமானத்துக்கே பாராசூட் கட்டியது. கைப்பிடியை இழுத்தால் சிறு ராக்கெட் ஒன்று சீறிக் கிளம்பி, மடித்துவைத்த துணியை வெளியே இழுத்துப் போகும். துணி ஒரேயடியாக விரிந்தால் கிழிந்துவிடும். அதைத் தாமதப்படுத்தக் கயிறுகளில் ஒரு வளையம்.

ஆலன் கிளாப்மையர் 1985-இல் நடுவான் மோதலில் தப்பியவர். அவரும் தம்பி டேலும் உருவாக்கிய சிர்ரஸ் எஸ்.ஆர்.20, 1998-இல் இந்தப் பாராசூட்டுடனேயே சான்றிதழ் பெற்றது. 2002 அக்டோபரில் டெக்சாஸில் ஒரு சிர்ரஸ் விமானி முதன்முதலாக அதை இழுத்து உயிரோடு இறங்கினார்.

அதே காலத்தில் நம் விமானப்படை மாணவர்கள் ஏறியது எச்.ஏ.எல். தயாரித்த தீபக் பயிற்சி விமானத்தில். பறக்கக் கற்பிப்பவர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது; அங்கும் தீபக் பறந்தது. எஞ்சின் வானில் நின்றுபோவது அதன் தீராத நோய். விமானியை வெளியே எறியும் இருக்கையும் (எஜெக்‌ஷன் சீட்) அதில் இல்லை. 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்தபின், 2009-இல் தீபக் தரையிறக்கப்பட்டது. பாராசூட் பொருத்திக் காப்பாற்றலாம் என்ற யோசனை எழுந்தது, நிறைவேறவில்லை. 2012-இல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.7 விமானங்கள் 75 வாங்க ஒப்பந்தமானது. அவற்றில் எஜெக்‌ஷன் சீட் உண்டு.

2025 நவம்பர் 14 அன்று அப்படியொரு பி.சி.7 தாம்பரத்துக்குத் தெற்கே, திருப்போரூர் பக்கம் விழுந்தது. இருக்கையோடு வெளியேறிய விமானி பிழைத்தார். தரையிலும் உயிர்ச்சேதம் இல்லை.

இருக்கை விமானியை மீட்கும். ஆளில்லாத விமானம் போகிற போக்கில் விழும். பாராசூட்டில் தொங்கும் விமானத்தையும் திருப்ப முடியாது, காற்று தள்ளும் இடத்தில்தான் இறங்கும். ஆனால் வேகம் தணிந்து இறங்கும். வேளச்சேரியிலிருந்து வண்டலூர் வரை வீடுகள் நெருங்கிவிட்ட ஊரில் அந்த வித்தியாசம் பெரிது. சுமார் 2,700 கிலோ எடையுள்ள சிர்ரஸ் ஜெட்டே இன்று பாராசூட்டோடு பறக்கிறது. அடுத்த பயிற்சி விமானத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், விமானி பிழைப்பாரா என்பதோடு கீழே இருப்பவர் கதி என்ன என்றும் கேட்க வேண்டும்.