பிளேனாவன்: இரும்பு எழுப்பிய ஒரு சிற்றூரின் வரலாறு

நகரங்கள் தோன்றுவதற்குக் காரணங்கள் பல. ஆற்றுப்படுகையின் வளத்தாற் தோன்றியன சில. துறைமுகத்தாற் சிறந்தன சில. அரசிருக்கையையும் கோயிலையும் சூழ்ந்து வளர்ந்தன வேறு சில. இவை யாவும் தம் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த ஒன்று நலிந்த பின்னரும் பிறிதொன்றைப் பற்றிக்கொண்டு வாழும் இயல்புடையன. அரசு நீங்கினாற் சந்தை எஞ்சும். சந்தை குன்றினாற் கழனி எஞ்சும். சுரங்கத்தாலும் உலையாலும் தோன்றிய சிற்றூர்களின் நிலை அத்தகையதன்று. நிலத்தின் கீழுள்ள பொருள் ஒருமுறை எடுக்கப்பட்டால் மீள விளைவதில்லை. ஆதலின், அவ்வூர்களின் வரலாறு பெரும்பாலும் எழுச்சியும் வீழ்ச்சியுமாகிய இரு அதிகாரங்களுள் அடங்கிவிடுகின்றது.

ஆயினும், தாதுப்பொருள் தீர்ந்தமையே அவ்வீழ்ச்சிக்கு ஒரே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. மண்ணினுள் எப்பொருள் பயனுடையது, எப்பொருள் பயனற்றது என்று வகுப்பது மனிதனின் அறிவே. அறிவு வளருந்தோறும் பயனற்றவை பயனுடையவாகும். ஓரிடத்துக்கு இருந்த சிறப்பு வேறோர் இடத்துக்குச் செல்லும். இவ்வுண்மையை விளக்குதற்கு வேல்ஸ் நாட்டின் தென்பாகத்திலுள்ள பிளேனாவன் என்னும் சிற்றூரின் வரலாற்றினும் தக்க சான்று கிடைத்தல் அரிது.

பிளேனாவன் என்னும் பெயர் வேல்ஸ் மொழியில் ஆற்றின் தலை எனப் பொருள்படும். மலைச்சாரலில், ஓர் ஆற்றின் ஊற்றுக்கண்ணை அடுத்துள்ள அவ்விடம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஆடுகள் மேயும் வெளியாகவே இருந்தது. அங்குமிங்கும் சில பண்ணை வீடுகளன்றி ஊர் என்று கூறத்தக்கது யாதும் அங்கில்லை. ஆயின் அம்மலையை இயற்கை ஒரு பண்டசாலையாகவே அமைத்திருந்தது. இரும்புத் தாதும், அதனை உருக்குதற்கு வேண்டிய நிலக்கரியும் அடுக்கடுக்காக ஒரே மலையிற் கிடந்தன. தாதிலுள்ள மாசினை நீக்குதற்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் சிறிது தூரத்திற் கிடைத்தது. சூளைகளுக்கு வேண்டிய களிமண்ணும், மலையோடைகளின் நீரும் அங்கேயே இருந்தன. வண்டியும் வழியும் அரிதாயிருந்த அக்காலத்தில், பாரமிக்க இப்பொருள்கள் ஓரிடத்திற் கூடியிருந்தமையே பெருஞ் செல்வமாகும்.

இதனை உணர்ந்தவர்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியைச் சேர்ந்த தோமஸ் ஹில், தோமஸ் ஹொப்கின்ஸ், பெஞ்சமின் பிறற் என்னும் மூவராவர். அபர்கவனிப் பிரபுவுக்கு உரித்தான மலைநிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, 1789ஆம் ஆண்டளவில் மூன்று ஊதுலைகளை அவர்கள் நிறுவினர். மலைச்சரிவைக் குடைந்து அதனோடு ஒட்டியே உலைகள் கட்டப்பட்டன. இதனால் மேற்றளத்திலிருந்து தாதையும் கரியையும் உலையின் வாயிற் கொட்டுதல் எளிதாயிற்று. உலைகளுக்குக் காற்றூட்டுதற்கு ஆற்றுநீரை நம்பியிராது தொடக்கத்திலேயே நீராவிப் பொறியைப் பயன்படுத்தினர். 1796ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5,400 தொன்னாக இருந்த உற்பத்தி, 1812ஆம் ஆண்டில் ஐந்து உலைகளிலிருந்து ஏறக்குறைய 14,000 தொன்னாக உயர்ந்தது.

உற்பத்தி பெருகவே பொருள்களைக் கொண்டுசெல்லும் வழியும் பெருகிற்று. மலையை ஊடறுத்து ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளமுள்ள சுரங்கவழி அமைக்கப்பட்டது. அதனூடே இடப்பட்ட தண்டவாளங்களிற் குதிரைகள் வண்டிகளை இழுத்துச் சென்றன. மலையின் மறுபுறத்திலே, உலையில் வார்த்த இரும்பைக் காய்ச்சி அடித்துப் பதப்படுத்தும் பட்டறை ஒன்று 1817ஆம் ஆண்டளவில் எழுந்தது. அங்கிருந்து இரும்பு கால்வாய்த் துறைக்கு இறங்கி, படகேறி, நியூபோட் துறைமுகத்தை அடைந்தது. 1839ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஒரு கற்கோபுரம், நீரின் பாரத்தையே துணையாகக் கொண்டு வண்டிகளைக் கீழ்த்தளத்திலிருந்து மேற்றளத்துக்குத் தூக்கியது. அக்கோபுரம் இன்றும் அழியாது நிற்கின்றது.

இவ்வெழுச்சியின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உலையைச் சூழ்ந்து வீடுகள் தோன்றின. ஆனால் அவ்வீடுகள் கம்பனிக்கே உரியன. கடை தோன்றியது, அதுவும் கம்பனியின் கடையே. கூலியைப் பணமாகக் கொடாது பண்டமாகவோ கடைச்சீட்டாகவோ கொடுக்கும் வழக்கம் அக்காலத்து இரும்பூர்களிற் பரவியிருந்தது. அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1831ஆம் ஆண்டில் நிறைவேறிய பின்னரும் அது உடனே ஒழிந்ததில்லை. வேலை கொடுப்பவனும், வீடு கொடுப்பவனும், அரிசிக்கும் உப்புக்கும் ஒப்பான அன்றாடப் பண்டம் விற்பவனும் ஒருவனேயாயின், தொழிலாளியின் நிலை யாதாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. சுரங்கத்தின் இருளிற் காற்றுக் கதவுகளைத் திறந்து மூடும் பணியிற் சிறு பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்தின் கீழ் வேலைக்கு அமர்த்துதல் 1842ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது. வாக்குரிமை வேண்டி எழுந்த சாட்டிஸ்ற் இயக்கம் இத்தகைய மலையூர்களில் வேரூன்றியதில் வியப்பில்லை. 1839ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அப்பள்ளத்தாக்குகளின் தொழிலாளர் நியூபோட் நகரில் திரண்டபோது, படைவீரரின் துப்பாக்கிச் சூட்டினால் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இருண்ட அச்சூழலில் ஒரு விளக்கும் ஏற்றப்பட்டது. ஹொப்கின்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சாறா ஹொப்கின்ஸ் என்னும் அம்மையார், 1815ஆம் ஆண்டில் இறந்த தம் சகோதரர் சாமுவேலின் நினைவாக, தொழிலாளரின் பிள்ளைகளுக்கென 1816ஆம் ஆண்டில் ஒரு பாடசாலையை நிறுவினார். பிரித்தானிய அரசு கல்விக்கெனப் பொருள் ஒதுக்கத் தொடங்கியது 1833ஆம் ஆண்டிலேயே என்பதை நினைவிற்கொண்டால் இச்செயலின் சிறப்பு விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரும்பின் வரலாறே ஒரு திருப்பத்தை அடைந்தது. 1856ஆம் ஆண்டில் ஹென்றி பெசிமர் என்பார், உருகிய இரும்பினூடே காற்றைச் செலுத்தி, சில நிமிடங்களில் அதனை உருக்காக மாற்றும் முறையை வெளியிட்டார். அதுகாறும் அருமையாயிருந்த உருக்கு மலிவாயிற்று. ஆனால் அம்முறையில் ஒரு பெருங் குறை இருந்தது. தாதிலே பொசுபரசு கலந்திருப்பின் அது உருக்கிலும் நின்றுவிடும். அத்தகைய உருக்குக் குளிர்ந்தபின் அடிபட்டால் நொறுங்கும். பொசுபரசு குறைந்த தாதோ உலகிற் சில இடங்களிலேயே கிடைத்தது. தென் வேல்சின் மலைத்தாதுகள் இதற்குப் போதாவாகவே, ஸ்பெயின் நாட்டிலிருந்து கப்பல் வழியாகத் தாது வந்திறங்கியது. கடலுக்கு அண்மையிலுள்ள உலைகளுக்கு இது நன்மையாயிற்று. மலைமேலுள்ள பிளேனாவனுக்கோ கூலியும் வழிச்செலவும் சுமையாயின. மலையும் தாதும் ஒன்றாயிருந்த பழைய சிறப்பு அப்பொழுதே தளரத் தொடங்கிவிட்டது.

இக்குறையை நீக்கிய பெருமை சிட்னி கில்கிறிஸ்ற் தோமஸ் என்னும் இளைஞருக்கு உரியது. 1850ஆம் ஆண்டில் பிறந்த அவர், தந்தையை இழந்தமையால் உயர்கல்விக்குச் செல்ல இயலாது, சில காலம் ஒரு பாடசாலையிற் கற்பித்து, பின்னர் இலண்டனில் பொலிஸ் நீதிமன்றம் ஒன்றிலே இலிகிதராக அமர்ந்தார். பகலில் நீதிமன்றக் கோவைகளை எழுதினார். இரவிற் பேர்க்பெக் கல்விநிலையத்தின் மாலை வகுப்புகளில் இரசாயனம் கற்றார். பெசிமரின் முறையிற் பொசுபரசை நீக்க வழிகாண்பவன் பெருஞ் செல்வனாவான் என்று அங்கு ஒரு விரிவுரையாளர் கூறியது அவர் உள்ளத்திற் பதிந்தது. அரச சுரங்கவியற் கல்லூரியின் பரீட்சைகளில் அவர் தேறினார். ஆயினும் பகல் விரிவுரைகளுக்குச் செல்ல இயலாமையால் அதன் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. பட்டம் கிட்டாத அவ்விலிகிதரே, பட்டம் பெற்ற பலர் தேடிக் காணாத விடையைக் கண்டார்.

உலையின் உட்புறத்தே பூசப்பட்டிருந்த மணற்கல் சிலிக்காப் பொருளாகும். அஃது அமில இயல்புடையது. பொசுபரசு எரிந்து தோன்றும் பொருளும் அமில இயல்பினதே. ஆகையால் அதனைப் பற்றிக்கொள்ளத்தக்க பொருள் உலையினுள் இல்லை. உலையின் உட்புறத்தைச் சுண்ணாம்பு சார்ந்த காரப்பொருளால் அமைத்து, இரும்போடு சுண்ணாம்பையும் சேர்த்தால், பொசுபரசு அதனோடு கூடிக் கசடாகப் பிரியும் என்று தோமஸ் துணிந்தார்.

துணிபு மட்டும் போதாது. அதனைச் சோதித்துக் காட்டுதற்கு உலை வேண்டும். இங்கேதான் பிளேனாவன் மீண்டும் வரலாற்றில் இடம்பெறுகின்றது. தோமஸின் ஒன்றுவிட்ட சகோதரர் பேர்சி கில்கிறிஸ்ற் அவ்வூர் இரும்பாலையில் இரசாயனராக இருந்தார். 1877ஆம் ஆண்டு முதல் இருவரும் அங்கே பரிசோதனைகளை நடத்தினர். விடுமுறை நாள்களில் தோமஸ் இலண்டனிலிருந்து புகையிரதமேறி வருவார். ஏனைய நாள்களில் கடிதங்களே அவ்விருவரையும் இணைத்தன. முதலில் அவர்கள் பயன்படுத்திய பாத்திரம் சில இறாத்தல் இரும்பையே கொள்ளத்தக்கது. ஆலையின் முகாமையாளரான எட்வேட் மாட்டின் இதனை அறிந்தபோது தடுத்தாரல்லர். பெரிய அளவிற் சோதித்தற்கு வேண்டிய வசதிகளை அளித்தார். 1878ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலண்டனிற் கூடிய இரும்பு உருக்குக் கழகத்தில், பொசுபரசை நீக்கும் வழி கண்டதாகத் தோமஸ் எழுந்து கூறியபோது எவரும் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். அடுத்த ஆண்டு ஏப்பிரலில் மிடில்ஸ்பரோ நகரிற் பேருலையில் அம்முறை வெற்றிபெற்றதும், ஐரோப்பிய ஆலை முதலாளிகள் உரிமை பெறுதற்கு விரைந்தனர்.

அதன் விளைவு பெரிது. பொசுபரசு மிக்கதெனத் தள்ளப்பட்டிருந்த லொறெயின், லக்சம்பேர்க் தாதுப்படுகைகள் ஒரே நாளிற் பெருநிதியாயின. லொறெயினின் ஒரு பகுதி 1871ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியின் கையில் இருந்தது. உருக்கு உற்பத்தியிலே முதலிடம் வகித்த பிரித்தானியாவை 1886ஆம் ஆண்டளவில் அமெரிக்காவும், 1893ஆம் ஆண்டளவில் ஜேர்மனியும் முந்தின. அமெரிக்காவின் உயர்வுக்குக் காரணங்கள் வேறு பல. ஜேர்மனியின் உயர்விலோ தோமஸின் முறைக்குப் பெரும்பங்கு உண்டு. உலையிற் பிரிந்த கசடும் வீணாகவில்லை. அரைக்கப்பட்டு, வயலுக்கு உரமாயிற்று. ஜேர்மானிய உழவர் அதனைத் தோமஸின் பெயராலேயே அழைத்தனர். அவரோ தம் வெற்றியை நெடுங்காலம் கண்டாரல்லர். 1885ஆம் ஆண்டில், முப்பத்து நான்காம் வயதில், பாரிசு நகரில் நோயால் மறைந்தார். அவர் ஈட்டிய செல்வம், அவர் விரும்பியவாறே, தொழில்செய்வோரின் நலத்துக்குச் செலவிடப்பட்டது.

பிளேனாவன் அடைந்த பயன் யாது? அங்கே பிறந்த முறை, அத்தகைய மலையூர்களின் சிறப்பையே குறைத்தது. தாது எங்கு மிகுதியாகவும் எளிதாகவும் கிடைக்குமோ, அங்கே இனி உருக்கு விளையும் என்றாயிற்று. இஃதொன்றே வீழ்ச்சிக்குக் காரணமென்று கூறுதல் மிகையாகும். மலைத்தாது மெலிந்தமையும், கடற்கரை ஆலைகளின் போட்டியும் முன்னரே தொடங்கிவிட்டன. எனினும், தளர்ந்த ஊரைத் தாங்கக்கூடிய கடைசித் தூணையும் அதன் பரிசோதனைச்சாலையே அகற்றியது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் பழைய ஊதுலைகள் அவிந்தன.

ஊர் அப்பொழுது அழிந்துவிடவில்லை. இரும்புக்குத் துணையாயிருந்த நிலக்கரியே அதன் முதற்றொழிலாயிற்று. பிக் பிட் எனப்படும் பெருஞ் சுரங்கத்தில் மட்டும் 1923ஆம் ஆண்டில் 1,300க்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறக்குறைய 12,000 மக்கள் அங்கு வாழ்ந்தனர். தொழிலாளர் வாரந்தோறும் தம் கூலியிலிருந்து கொடுத்த அரைப்பென்னிகளைக் கொண்டு 1894ஆம் ஆண்டில் ஒரு மண்டபம் எழுப்பப்பட்டது. கம்பனியின் வீட்டில் வாழ்ந்து, கம்பனியின் கடையில் வாங்கிய மக்களின் வழித்தோன்றல்கள் தமக்கென எழுப்பிய கட்டடம் அது. ஆயின் கரியும் இரும்பின் வழியே சென்றது. 1947ஆம் ஆண்டிற் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1980ஆம் ஆண்டிற் பிக் பிட் மூடப்பட்டது. மக்கள்தொகை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது.

மூன்றாண்டுகளின் பின், 1983ஆம் ஆண்டில், அச்சுரங்கம் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கரி வெட்டிய கைகளே விளக்கேந்தி, காண வந்தோரை ஏறக்குறைய 300 அடி ஆழத்துக்கு அழைத்துச் சென்றன. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பிளேனாவனின் தொழில் நிலப்பரப்பை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. சாறா அம்மையாரின் பாடசாலைக் கட்டடம் 2008ஆம் ஆண்டில் அம்மரபுரிமையை விளக்கும் நிலையமாயிற்று.

மண்ணை நம்பி எழுந்த ஊர், மண் கைவிட்டபோது தளர்ந்தது என்பது இவ்வரலாற்றின் ஒரு பாதி. மலையிலிருந்த தாதும் கரியும் அவ்வூரை இரு நூற்றாண்டுகள் வாழ்வித்தன, அவை போயின. இன்று எஞ்சி நிற்பவை ஒரு பாடசாலையும், அரைப்பென்னிகளாற் கட்டிய மண்டபமும், இரவு வகுப்பிற் கற்ற ஓர் இலிகிதர் அங்கே நிறுவிக் காட்டிய உண்மையுமாம். நிலத்தடிச் செல்வத்தால் வாழும் எவ்வூரும், அச்செல்வம் கையிலுள்ள காலத்திலேயே தன் மக்களின் கல்விக்கு எதனைச் செலவிட்டது என்று தன்னைத்தானே வினவுதல் வேண்டும் என்பது மற்றைப் பாதியாகும்.